சாவி யார் இடுப்பில் இருக்கிறது?

(வண்ணார்பேட்டையில் மனநோயாளிகளின் குடும்பத்தார் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



கால் ஒடிந்து கிடப்பவனைப் பார்க்கத் தெருவே திரண்டு வருகிறது. புத்தி பேதலித்தவன் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வீட்டாரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே தெரிந்தால் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க முடியாதே என்ற பயம்! இந்தப் பயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிறர் கதை வேண்டாம், என் வீட்டுக் கதையையே சொல்லுகிறேன்.

என் அண்ணாச்சி தையல்காரர். 1998-இல் அவருக்குத் தூக்கம் போயிற்று. சுவருக்குள்ளிருந்து யாரோ தம்மை ஏசுவதாகச் சொன்னார். கோடாங்கி வந்தார், மந்திரித்த கயிறு வந்தது, அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. ஒருநாள் ரோட்டில் ஓடி லாரியில் அடிபடப் பார்த்தார். அன்றிரவு பின்கட்டில் அவர் காலில் சங்கிலி போட்டோம். பூட்டியவன் நான். மூன்று வருஷம் சாவி என் இடுப்பில் இருந்தது.

நாங்கள் இரக்கமற்றவர்களா? அவர் சாப்பிடாமல் அம்மா ஒருநாளும் சாப்பிட்டதில்லை. எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஏர்வாடியில் எரிந்தவர்கள்

2001 ஆகஸ்ட் 6. நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடியைச் சொல்லவில்லை. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி. தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். சாமியை நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கையைக் காசாக்கக் கொட்டகை போட்டவர்கள் காத்திருந்தார்கள்.

டீக்கடையில் அந்தப் பத்திரிகையைப் படித்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். அண்ணாச்சியின் கணுக்காலில் இருந்த புண் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. மறுநாளே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். முழுக்க ஆகவில்லை. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வருகிறது. ஆனால் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறார். அது சின்னக் காரியமா?

பிச்சையல்ல, உரிமை

ஏர்வாடித் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அது என்ன சொல்லுகிறது?

நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. சர்க்கார் நடத்தும் இடங்களில் வைத்தியம் பெற எவருக்கும் உரிமை உண்டு. ஏழைகளுக்கும், வீடற்றவர்களுக்கும், வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும், வைத்தியம் இலவசம். தெருவில் அலையும் நோயாளியைப் போலீசார் லாக்கப்பில் அடைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இலவசச் சட்ட உதவியும் உண்டு.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று டாக்டர் சான்று கொடுத்தால் சலுகைகள் கேட்கலாம்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஜனங்களிடம் வந்து சேர்ந்ததா? 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு என்ன சொல்லிற்று? பெரியவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய். அவர்களில் வைத்தியம் கிடைக்காதவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 100-க்கு 70 முதல் 92 பேர்!

காரணம் பயம் மட்டுமா? பீடி சுற்றும் தாய் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. முக்கூடலிலிருந்து வருபவளுக்குப் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடுகிறது. மாத்திரை நின்றுபோவது இப்படித்தான். பழி மட்டும் நோயாளி தலையில்!

செய்ய வேண்டியவை

முதலாவது, தாமதிக்காதீர்கள். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி நமக்குக் கூப்பிடு தூரம். கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்கள் போகட்டும். மாத்திரையை நிறுத்தாமல் போகட்டும். மனம் உடைந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், காசில்லை.

இரண்டாவது, தனியாக நிற்காதீர்கள். ஒரு தாய் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் துணைக்கு இருக்கட்டும். தெரிந்த தொழில் இருந்தால் வேலை கொடுங்கள். அண்ணாச்சிக்கு முதல் சட்டைத் துணியைக் கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டு பாய். எந்த மாத்திரைக்கும் குறையாத மருந்து அது.

மூன்றாவது, கூடிக் கேளுங்கள். ஒரு மாத மாத்திரை ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். பகலில் தங்கித் தொழில் பழக இடம் வேண்டும். திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். ஒருவர் போனால் மனு. நூறு பேர் போனால் கோரிக்கை.

நம் வாசலில் நிற்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறந்தது. அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தால் இக்கரைக்காரன் ஓடத்துக்குக் காத்து நிற்க வேண்டும். நீந்தத் தெரியாதது அவன் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை, பாலம் கட்டினார்கள். இங்கேயும் ஒரு பாலம் வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பூட்டு தொங்கினால், சாவியை இன்றிரவே வெளியே எடுங்கள். கூட வர நாங்கள் இருக்கிறோம்.