காமிராவுக்கு ஒரு சட்டை

அந்தமானில் குடியேறிய தமிழர் வீட்டில் மழைக்காலத்து உப்புச் சாடியைத் திறந்து பார்த்தவர்கள், இன்று நாங்கள் சொல்லப் புகும் செய்தியில் பாதியை அறிந்தவர்களே ஆவர். உப்பு இங்கே உப்பாக நிற்பதில்லை, கசிந்து நீராகிவிடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் உப்பு ஈரத்தை ஈர்த்துத் தானே கரையும் என்பது இரசாயன நூலோர் கண்ட உண்மை. மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மழை பொழியும் இத்தீவுகளில் அந்த எல்லை எளிதில் மீறப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கு. இத்தகைய காற்றில் ஒரு காமிராவைக் காப்பது எப்படி, அதற்கான உறையையும் பையையும் வீட்டிலேயே தைத்துக்கொள்வது எப்படி என்பதே எங்கள் பேச்சு.

எங்கள் இல்லத்து அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு நாங்கள் வந்தபோது, ஊரிலிருந்து நல்ல காமிரா ஒன்று கொண்டுவந்தோம். அதற்குக் கனத்த தோலுறை, உள்ளே வெல்வெட்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று உறையோடு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மழைக்காலம் கழிந்தது. தை மாதத்தில் தங்கையின் திருமணம். எடுத்த படங்கள் யாவும் பனிமூட்டத்துக்குள் எடுத்தவை போலிருந்தன. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். சிலந்தி நூல் போன்ற வெண்ணிழைகள் கண்ணாடியின் உட்புறத்தில் கிளைத்துப் பரவியிருந்தன.

சென்னையில் பழுது பார்ப்பவர் கண்டதும், "ஐயா, முதலில் இந்தத் தோலுறையைத் தூக்கி எறியுங்கள்" என்றார். தோலும் வெல்வெட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கு ஈரமும் இருட்டும் அசையாக் காற்றும் இருந்தால் போதும். அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பின்னும் தழும்பு மறையாது. அத்திருமணத்தில் எங்கள் பாட்டனார் அட்சதை தூவும் படம் ஒன்று உண்டு. மறு ஆண்டு அவர் காலமானார். அவரை எடுத்த கடைசிப் படம் அது. முகம் மங்கலாகவே இருக்கிறது.

அன்றுமுதல் வீட்டுக்கு ஓர் உறை, பயணத்துக்கு ஒரு பை என இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். வீட்டில் காமிராவைக் காப்பது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் அதனுள் இடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுமே. சிறியதோர் ஈரமானியையும் உள்ளே வைத்து, முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்கிறோம். அரிசியில் புதைத்து வைப்பதாகச் சிலர் சொல்வதுண்டு; தவிட்டுத் தூசு உள்ளே புகுவதுதான் மிச்சம். பெட்டிக்குள் இடும் உறைக்குப் பழைய வேட்டித் துணியே சிறந்தது. புதுத்துணியானால் கஞ்சி போகும்வரை நன்கு அலசி உலர்த்த வேண்டும்; கஞ்சி பூஞ்சணத்துக்கு விருந்தல்லவா? சுருக்குப்பை போலத் தைத்து நாடா கோத்துவிட்டால் வேலை முடிந்தது.

பயணப் பைக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். வெளித்துணிக்குக் கம்பி முறிந்த குடையின் துணியோ கிழிந்த மழைக்கோட்டோ போதும். நடுவில் மெத்தென்ற தகடு வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நுரைப்பஞ்சு நீரைக் குடித்துவிடும். உடற்பயிற்சிக்கு விரிக்கும் பாயில் நீர் புகாத வகை உண்டு, அதை வெட்டிக்கொள்ளுங்கள். காமிராவின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, தகட்டின் தடிமனை இருபுறமும் கூட்டி, தையலுக்கு ஒரு விரற்கடை விடவேண்டும். நாங்கள் முதலில் தைத்த பையில் தகட்டின் தடிமனைக் கூட்ட மறந்தோம். காமிரா உள்ளே போகவில்லை. அது இன்று மூக்குக்கண்ணாடிக் கூடாகப் பயன்படுகிறது. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூலும் 16-ஆம் எண் ஊசியும் கொள்க. ஊசித் துளை ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாயில். ஆகவே தையல் மீது மெழுகுவர்த்தியைத் தேய்த்து, காகிதம் வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஓட்டுவோம். உலோக ஜிப்பைக் கடலுப்பு அரித்துவிடும். நான்கு விரற்கடை கீழிறங்கும் மூடியும் கட்டுநாடாவும் அதைவிட மேல். தோள்வாரைப் பையின் விளிம்பில் தைக்காமல், அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறுமாறு தைத்தால் பாரம் தையலில் விழாது.

படகில் படமெடுக்க மற்றோர் உறை தேவை. ஹாவ்லாக் என வழங்கி 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் பெற்ற தீவுக்குச் செல்லும் வழியில் திவலை தெறிக்காத நாளில்லை. குடைத்துணியைக் குழாய்போல் தைத்து, லென்ஸின் முனைக்கு எலாஸ்டிக்கும் பின்புறத்துக்குச் சுருக்கு நாடாவும் வைத்து, பக்கத்தில் கை நுழைய ஒரு கை வைக்கவேண்டும். இரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்த பெண்களுக்கு இது விளையாட்டு. எங்கள் வீட்டில் அதைத் தைத்தவர் அத்தைதான், "இதற்கும் ஒரு சட்டையா?" என்று கேட்டுக்கொண்டே அரை மணியில் முடித்துவிட்டார்.

குளிரூட்டிய கப்பல் அறையிலிருந்து மேல்தளத்துக்கு வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். அரை மணி நேரம் மூடியே வைத்தால், மெத்தைத் தகட்டின் உள்ளே காமிரா மெல்லச் சூடேறும்.

பையைத் திறக்கவே கூடாத இடமும் இங்கு உண்டு. ஜிர்காட்டாங்கிலிருந்து வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புவனத்தின் ஊடே போகிறது. அங்கே அவர்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். 1890-களில் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி இத்தீவுகளின் பழங்குடியினரை நிறுத்தி வைத்து அளவெடுப்பதுபோல் எடுத்த படங்கள் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தகைய படத்துக்கு எங்கள் பையில் இடமில்லை. சோதனைச் சாவடியில் மூடியை இறுகக் கட்டினால், வனம் கடக்கும்வரை அவிழ்ப்பதில்லை.

பயணம் முடிந்து வந்ததும் பையை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். சிலிக்கா ஜெல்லை ஏறத்தாழ 120 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் அது மறுபடி உலரும். நீலநிற மணிகளில் நஞ்சுள்ள கோபால்ட் உப்பு கலந்திருக்கும். சமையல் பாத்திரத்தில் அவற்றை வறுக்க வேண்டாம். அதற்கென்று பழைய வாணலி ஒன்றை அத்தை தனியே எடுத்து வைத்திருக்கிறார். அதில் வேறெதையும் வைக்க எவரையும் விடுவதில்லை.