பனியனில் மஞ்சள் நிற்குமா?

பக்கத்து ஈரோட்டில் மஞ்சள் குவிந்து கிடக்க, திருப்பூர் பனியனுக்கு ரசாயனச் சாயம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரில் இது நியாயமான கேள்விதான். ஆனால் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பாலிஃபீனால் தண்ணீரில் லேசில் கரையாது. சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளிறும். துவைத்து மொட்டைமாடியில் காயப்போடும் துணிக்கு இரண்டுமே வில்லங்கம்.

கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றினால் போதாதா? ஓரளவு உதவும். கடுக்காயின் டானினும் பாலிஃபீனால்தான். அது பருத்தி இழையில் ஒட்டிக்கொண்டு படிகாரத்தின் அலுமினியத்தைப் பிடிக்க, அலுமினியம் சாயத்தைப் பிடிக்கும். வெயிலுக்கு அது மருந்தில்லை. ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறுக்குள் குர்குமினை அடைத்தால் கரைதிறன் பல மடங்கு கூடுகிறது, தண்ணீரில் சிதைவதும் குறைகிறது. ஒளியில் சிதைவது மட்டும் நிற்பதில்லை. கரையவைப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. ஆகவே சட்டைக்குள் மறைந்திருந்து நிழலில் உலரும் உள்ளாடைக்கே மஞ்சள் பொருந்தும். அப்போதும் படிகாரம் கலந்த கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆகவேண்டும். செடியிலிருந்து வந்த சாயம் என்று நொய்யல் சலுகை தராது.