மண்ணுக்கு ஒரு சொல்



காலாங் எரிவாயு ஆலை 1862இல் கட்டப்பட்டு, 1998 வரை இயங்கியது. அவ்விடத்தில் குடியிருப்பு எழுப்பத் திட்டம் உண்டு. நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்தால் தார் எஞ்சும். பென்சீன் போன்ற நச்சுகள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கும். அம்மண்ணை அகழ்ந்தெடுத்தோ, இருந்த இடத்திலேயே நச்சு நீக்கியோ சீராக்கிய பின்னரே வீடு கட்டலாம்.

இப்பணிக்குத் தமிழில் என்ன பெயர்? 'நில மீட்பு' எனலாமா? இந்நாட்டில் அது கடலைத் தூர்த்து நிலமாக்குவதைக் குறிக்கும். 'தூய்மையாக்கம்' என்றாலோ தெருக்கூட்டலே நினைவுக்கு வரும். 'மண் நச்சகற்றல்' என்பதே என் பரிந்துரை. நஞ்சு இருந்ததை அச்சொல் மறைக்காது. குடியேறுவோர்க்கு அவ்வுண்மை தெரிந்தால்தான் கேட்பர்: "எவ்வளவு ஆழம்வரை அகற்றினீர்கள்?"