கண்ணிமையும் கைந்நொடியும்



காலத்தை அளப்பதற்கு நம் முன்னோர் கையாண்ட கருவி எது என்று கேட்டால், நாழிகை வட்டில் என்று சிலர் கூறுவீர்கள். நிழலை அளந்தார்கள் என்று வேறு சிலர் கூறுவீர்கள். ஆனால் எழுத்தொலிக்கு அளவு கூற வந்த தொல்காப்பியர் வெளியே எந்தக் கருவியையும் தேடவில்லை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம், இதுவே ஒரு மாத்திரை என்றார். மனித உடம்பையே அவர் கடிகாரமாகக் கொண்டார். இன்றும் நாம் காலத்தின் சிற்றளவை 'நொடி' என்றுதானே வழங்குகிறோம்?

இந்த உடற்கடிகாரம் தளர்ந்துபோனால் என்ன நேரும்? அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் மருத்துவர், ஆறு நோயாளிகளின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். கைநடுக்கம், முன்னோக்கி வளைந்த உடல், தடுமாறி விரையும் நடை ஆகியவற்றை அதில் குறித்தார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது; தமிழில் நடுக்குவாதம் என்பர். மூளையின் அடிப்பகுதியில் கருநிறமுடைய ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அவை சிறிது சிறிதாக அழிவதால் அசைவுகள் மந்தமாகின்றன. முகம் பாவனை இழக்கிறது. கண் இமைப்பதும் குறைகிறது. மருத்துவர் நோயாளியைக் கட்டைவிரலோடு சுட்டுவிரலை விரைந்து தட்டச் சொல்லிப் பார்ப்பார். தட்டத் தட்ட அவ்வசைவு சிறுத்துத் தளரும். தொல்காப்பியர் அளவுகோலாகக் கொண்ட கண்ணிமையும் கைந்நொடியும் இந்நோயில் ஒருங்கே தளர்வதைக் காண்கிறோம்.

தளர்வது அசைவு மட்டுமா, காலத்தைப் பற்றிய உணர்வுமா? இக்கேள்வி எனக்கு நூலிலிருந்து பிறந்ததன்று. என் பெரியப்பாவிடமிருந்து பிறந்தது.

நீலகிரியில் அவலாஞ்சி என்று ஓர் இடம் உண்டு. சோலைக்காடும் புல்வெளியும் நீர்த்தேக்கமும் சூழ்ந்த அவ்விடம் மழைக்குப் பேர்போனது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை அங்கே பெய்தது. நம் நாட்டில் ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணிக்கு அளந்து குறிப்பது வழக்கம். பெரியப்பா அவலாஞ்சியில் பல ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தவர். பனிமூட்டத்தில் சூரியனே தெரியாத நாளிலும் கடிகாரத்தைப் பாராமல் சரியான நேரத்துக்கு மழைமானியண்டை நிற்பார் என்று ஊரார் சொல்வார்கள்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு இந்நோய் கண்டது. பெரியம்மா உணவுக்கு அழைப்பார்; "இதோ வந்துவிட்டேன்" என்பார். கால்மணி நேரம் கழித்தே வந்து சேர்வார். "எத்தனை நாழி காத்திருப்பது? இந்த வயதில் என்ன பிடிவாதம்?" என்று பெரியம்மா நொந்துகொள்வார். "கூப்பிட்டவுடனே எழுந்தேனே!" என்று அவர் உண்மையாகவே வியப்பார். அதில் பொய் சிறிதும் இல்லை. அவருடைய கணக்கில் அது உடனேதான்.

இத்தகைய நிலையை அறிவியலார் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிகள் 8 நொடி, 21 நொடி என்னும் இரு கால அளவுகளைக் கற்று, பின்னர்த் தாமே மதிப்பிட்டுக் காட்டினார்கள். மருந்தின்றி இருந்தபோது எட்டு நொடி நீண்டது, இருபத்தொன்று குறுகியது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன! மருந்து உட்கொண்டபோது மதிப்பீடு செம்மையாயிற்று. ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் டோபமைனுக்கும் காலவுணர்வுக்கும் தொடர்பு உண்டென்பதைப் பலவும் காட்டுகின்றன.

நியூயார்க் நகரில் பணியாற்றிய ஆலிவர் சாக்ஸ் என்னும் மருத்துவர், மூளையழற்சிக்குப் பின் இதையொத்த நோய்க்கு ஆளானோரைப் பார்த்து வந்தார். அவர்களுள் ஒருவர் கையைத் தூக்கியபடி சிலைபோல அமர்ந்திருப்பார். இடையிடையே எடுத்த ஒளிப்படங்களை வரிசையாக வைத்தபோதுதான், அந்தக் கை ஓயாமல் மூக்கை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது தெரிந்தது. கேட்டதற்கு, "மூக்கைத் துடைத்தேன்; அவ்வளவுதான்" என்றாராம்.

இதற்கு மருந்து வந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. டோபமைனை நேரே உட்கொண்டால் அது மூளைக்குள் செல்லாது. ஆனால் லெவோடோபா சென்று அங்கே டோபமைனாக மாறும். 1913இல் ஐரோப்பிய அவரை வகையொன்றிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். 1937இல் சேப்பாக்கத்திலிருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். இந்நோயாளியின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பது 1960இல்தான் வியன்னாவில் தெரியவந்தது. மறு ஆண்டு லெவோடோபாவின் பயன் வெளியாயிற்று. பயன் தெரியாத காலத்திலும் உண்மையைத் தேடி வைத்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. இதைக் கேட்டு எவரும் பூனைக்காலி விதையைத் தாமே அரைத்து உண்ணத் துணிய வேண்டா. அளவறிந்து கொடுப்பது மருத்துவர் கடமை.

மருந்தோடு வேறொரு துணையும் உண்டு. உள்ளிருக்கும் கடிகாரம் தளர்ந்தால் வெளியிலிருந்து ஒரு தாளத்தைக் கடன் வாங்கலாம். சீரான ஒலியைக் கேட்டு நடந்தால் பலருக்கு நடை செம்மைப்படுகிறது. தரையில் கோடுகள் இருந்தால் உறைந்த கால் அவற்றைத் தாண்டிச் செல்கிறது. பெரியப்பாவின் நிலை இன்னதென்று மருத்துவர் விளக்கியபின் பெரியம்மா கடிந்துகொள்வதை விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு" என்று எண்ணத் தொடங்கினார். அந்த எண்ணிக்கையில் பெரியப்பா வாயிற்படி இறங்கினார்.

நண்பர்களே, பேருந்தின் படியில் ஒரு முதியவர் காலெடுத்து வைக்கத் தயங்கி நிற்கும்போதும், கடையில் ஒருவர் காசை எடுக்க நெடுநேரம் ஆகும்போதும் நமக்குப் பொறுமை குறைகிறது. அவர் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. நம் நொடியும் அவர் நொடியும் ஒன்றாக இல்லை, அவ்வளவே. எழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீண்டு ஒலித்தால், இலக்கணம் அதைப் பிழையென்று தள்ளிவிடுவதில்லை. அளபெடை என்று பெயரிட்டு இடம் தருகிறது. எழுத்துக்குத் தந்த அந்த இடத்தை மனிதருக்கும் தருவோமாக.