கடனுக்குக் கொடுத்த ஓட்டு

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்குப் போர் விமானங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்தது வேறு. அந்நாட்டில் வாழும் நம் சகோதரர்கள் தங்கள் ஓட்டைக் கொடுத்து என்ன வாங்கினார்கள்? கடை நடத்தும் உங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

1995இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் மாண்டனர். உடனே சந்தேகம் யார்மீது விழுந்தது? முஸ்லிம்கள்மீது! பிடிபட்டவனோ டிமோதி மெக்வே என்ற முன்னாள் அமெரிக்கப் படைவீரன். ஆனாலும் 1996இல் கிளிண்டன் அரசு கொண்டுவந்த சட்டம், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களை நாடு கடத்த 'ரகசிய சாட்சியம்' பயன்படுத்த இடமளித்தது. தன்மீது சொல்லப்படும் சாட்சியம் என்னவென்றே தெரியாமல் ஒருவன் எப்படி வாதாடுவான்? அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் அரபுகளும் முஸ்லிம்களும்தான்.

2000 அக்டோபர் 11 அன்று தொலைக்காட்சி விவாதத்தில் ஜார்ஜ் புஷ் இந்த ரகசிய சாட்சியத்தைக் குறை கூறினார். அவ்வளவுதான்! அதே மாதம் முக்கிய முஸ்லிம் அமைப்புகள் கூடி அவருக்கு ஆதரவு அறிவித்தன. கறுப்பின முஸ்லிம்கள் பலர் தங்களைக் கலந்து முடிவெடுக்கவில்லை என்று மனம் வருந்தினர்.

தேர்தலில் ஃபுளோரிடா மாநிலம்தான் முடிவைத் தீர்மானித்தது. அங்கே பதிவானவை ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டுகள். வித்தியாசம் வெறும் 537! மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிறுத்தியது. புஷ் அதிபரானார்.

பிறகு நடந்ததை அறிவீர்கள். 2001 செப்டம்பர் 11 அன்று ஏறத்தாழ 3,000 அப்பாவிகள் கொல்லப்பட்டனர். அது கொடும்பாவம், அதில் இரண்டு கருத்தில்லை. ஆறாம் நாள் வாஷிங்டன் பள்ளிவாசலுக்கு வந்து புஷ் நல்ல வார்த்தை பேசியதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அக்டோபர் 26 அன்று, கண்காணிக்கவும் காவலில் வைக்கவும் அரசுக்குப் பெரும் அதிகாரம் தரும் 'பேட்ரியாட்' சட்டத்தில் கையெழுத்திட்டதும் அவரே. 2002இல் தொடங்கி, 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் நேரில் வந்து கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். வட கொரியா நீங்கலாக எல்லாம் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் நாடுகள்! 2003இல் ஈராக்மீது படையெடுப்பு.

சரக்கு போய்விட்டது, சீட்டு கையில் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது?

ஆனாலும் அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. 2006இல் மினசோட்டாவிலிருந்து கீத் எல்லிசன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினராகத் தேர்வானார். அவர் கறுப்பின முஸ்லிம் என்பதைக் கவனியுங்கள். எவரைக் கலக்காமல் முடிவெடுத்தார்களோ, அவர்களிலிருந்தே முதல்வர் வந்தார்!

இளைஞர்களே! வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 537 என்ற எண்ணை மறக்காதீர்கள். வணிகர்களே! ஆதரவு கேட்டு வருபவரிடம் எழுத்தில் கேளுங்கள். வென்ற பின்னும் போய்க் கேளுங்கள். மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகச் சமுதாயத்தின் ஓட்டைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நம் வரிசையில் கடைசியில் நிற்பவரையும் அழைத்து மஷூரா செய்யுங்கள்.

அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தருவானாக! வஸ்ஸலாம்.