கையெழுத்து வைக்குமுன்



சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சான் ரமோனில் எங்கள் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. தகப்பனின் கையில் ஒரு கடித உறை. வரிப் பத்திரம் நிரப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மாதங்களில் எங்கள் குசினி மேசைக்கு வேறு வேலை கிடையாது. உறைக்குள் இருந்ததோ அவர்களுடைய ஏழு வயது மகனின் பாடசாலைக் கடதாசிகள், 23 பக்கம். "அண்ணை, எங்கை சைன் வைக்கிறதெண்டு மட்டும் காட்டி விடுங்கோ" என்றார்.

நேயர்களே, இது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. சோதனைச் சாவடியிலும் முகாமிலும் குடிவரவு அலுவலகத்திலும் நீட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துத்தான் வந்து சேர்ந்தோம். கேள்வி கேட்டால் பைல் அடியில் போய்விடும் என்ற பயம் இன்னமும் போகவில்லை. ஆனால் இந்தக் கடதாசி அப்படிப்பட்டதல்ல. பெற்றாரைக் கேள்வி கேட்கச் சொல்லியே சட்டம் எழுதியிருக்கிறது.

1975 நவம்பரில் ஜனாதிபதி ஃபோர்ட் ஒப்பமிட்ட சட்டம் அது. உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசுப் பாடசாலையில் இலவசக் கல்வி என்றும், இயன்ற அளவுக்கு மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிப்பிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. மேலதிகச் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றும் எழுதினார்கள். அந்த அளவை ஒரு வருடம்கூட எட்டவில்லை என்பதைக் கணக்காளன் என்ற முறையில் சொல்லாமல் விட முடியாது. பாடசாலைகள் கையைச் சுருக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இதெல்லாம் சும்மா கிடைத்ததுமல்ல. 1977 ஏப்ரலில், இங்கே பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில், சக்கர நாற்காலிக்காரரும் பார்வையற்றோரும் தங்கள் உரிமைக்கான விதிகளைக் கேட்டு ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் குந்தியிருந்தார்கள்.

சரி, அந்தக் கடதாசிக்கு வருகிறேன். பிள்ளைக்கு ஆட்டிசம் என்றும், மொழி விளக்கம் மிகக் குறைவு என்றும், முழு நாளும் தனி வகுப்பு என்றும் எழுதியிருந்தது. முதற்பக்கத்தில் 'வீட்டு மொழி' என்ற கட்டத்தில் 'ஆங்கிலம்' என்று இருந்தது. "வீட்டிலை ஆர் இங்கிலீசு கதைக்கிறது?" என்று கேட்டேன். தகப்பன் தலையைக் குனிந்தார். தமிழ் என்று எழுதினால் மகனைப் பிந்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் சோதித்தவர்களும் ஆங்கிலத்திலேயே சோதித்திருக்கிறார்கள். அப்போது அம்மம்மா சொன்னார்: "தம்பி, அவன் என்னோடை இருக்கேக்கை, பலகாரப் பேணி எங்கையெண்டு கேட்டால் எடுத்துக்கொண்டு வருவான்."

இதே கலிபோர்னியாவில், சோலடாட் என்ற ஊரில், ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, புத்தி குறைந்தோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. 1970இல் அந்த வழக்கு முடிந்தபோது, பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒத்துக்கொண்டது. இன்றைக்கு அது மத்திய சட்டத்திலும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் வென்று தந்ததை நாங்கள் ஒரு கட்டத்தில் பிழையாக எழுதி இழந்துவிடுகிறோம்.

நீங்களும் இந்த நிலையில் இருந்தால், மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குக் கணக்கில்லை. கடிதம் கிடைத்து 15 நாளுக்குள், விடுமுறை வந்தால் சற்றுக் கூட, மதிப்பீட்டுத் திட்டம் உங்கள் கைக்கு வரவேண்டும். நீங்கள் சம்மதித்த பிறகு 60 நாளுக்குள் கூட்டம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், செலவு அவர்களுடையது. 24 மணி நேரத்துக்கு முன் அறிவித்தால் கூட்டத்தை ஒலிப்பதிவும் செய்யலாம் (ஒலிவாங்கிக்காரனான எனக்கு இந்த விதியில் தனிப் பிரியம்). அன்றே கையெழுத்து வைக்கத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, ஒரு பகுதிக்குச் சம்மதித்து மறு பகுதியை மறுக்கலாம்.

என் பெரியம்மாவின் மகன் ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். கைதடி நவீல்ட் பாடசாலை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம்தான். அனுப்பவில்லை. தங்கச்சிமாரின் கலியாணம் குழம்பிவிடும் என்று பின்னறையிலேயே வைத்திருந்தார்கள். நான் அவரோடு விளையாடியிருக்கிறேன். அவருடைய பெயரை எழுத அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும்தான். எனக்கு அப்போது எழுதத் தெரியும்.

அந்தக் குடும்பம் கையெழுத்து வைக்காமல் கடிதம் எழுதியது. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி சோதித்தார்கள். ஆட்டிசம் ஆட்டிசம்தான், அது மாறவில்லை. ஆனால் பிள்ளைக்கு விளங்குவது முதலில் எழுதியதைவிட மிகக் கூட என்று தெரிந்தது. இப்போது காலையில் உதவியாளர் ஒருவரோடு மற்றப் பிள்ளைகளின் வகுப்பில் இருக்கிறான், மத்தியானம் தனி வகுப்பு. தாய்க்கு அதுவும் போதாது, அடுத்த கூட்டத்துக்குக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார்.

உங்களிடமும் இப்படி ஒரு உறை இருந்தால் நிலையத்துக்கு அறிவியுங்கள், சேர்ந்திருந்து வாசிப்போம். ஏப்ரல் 15க்குப் பிறகு என்றால் எனக்கு வசதி. அவசரம் என்றால் அதற்கு முன்னும் வாருங்கள்.