சிகரெட்டே தொடாதவருக்கும்

சென்னையில் பாடி மேம்பாலம் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சி.டி.எச். ரோட்டில் லாரிக்குப் பின்னால் பைக்கை நிறுத்தியிருப்போம். சிக்னல் விழுந்ததும் அது ஓர் உறுமலோடு கிளம்பும். குப்பென்று முகத்தில் அடிக்கும் கரும்புகை.

அந்த டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012-இல் முடிவாகச் சொன்னது, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றுக்கான முதல் பிரிவில் அதைச் சேர்த்தார்கள். 2013 அக்டோபரில் வெளிக்காற்றின் மாசு மொத்தமும் அதே பிரிவுக்கு வந்தது. சிகரெட்டும் அதில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் ரோட்டில் நிற்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றா? இல்லை. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு காட்டும். ஆபத்தின் அளவை அல்ல. நுரையீரல் புற்றுநோய்க்கு இன்றும் முதல் காரணம் புகையிலைதான். ஆனால் அதைத் தொடவே தொடாதவர்களுக்கும், வீட்டுப் பெண்களுக்கும்கூட இந்த நோய் வருகிறதே, எப்படி?

லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் செய்த ஆய்வு 2023-இல் வெளியானது. வயது ஏற ஏற நம் நுரையீரல் செல்கள் சிலவற்றில் மரபணுப் பிழைகள் தாமாகவே விழுகின்றன. பெரும்பாலும் அவை நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் உள்ளே போனதும் அங்கே அழற்சி உண்டாகிறது. அதில் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற பொருள், பழுதான செல்லைக் கிளப்பி வளர விடுகிறது. அந்தப் பொருளைத் தடுத்தபோது எலிகளுக்குக் கட்டி வருவது குறைந்தது. ஆக, துகள் புதிதாகப் பிழை செய்ய வேண்டும் என்பதில்லை. இருப்பதை எழுப்பினாலே போதும். அதனால், 'இத்தனை வருஷம் இந்தப் புகையை இழுத்தாச்சு, இனி என்ன' என்று விட்டுவிட வேண்டியதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த நுண்துகளுக்கு நம் நாடு 2009-இல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு, கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. 'வரம்புக்குள் இருக்கிறது' என்று செய்தியில் வந்தால், யாருடைய வரம்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டை விடுங்கள், ஷெட்டுக்குள் வருவோம். 1964-இல் தொடங்கிய எஸ்டேட் இது. வெல்டிங் பட்டறையும் வார்ப்படமும் பிளேட்டிங்கும் நிறைந்த இடம். வெல்டிங் புகையும் 2017-இல் முதல் பிரிவுக்குப் போய்விட்டது. இரும்பு வார்ப்பட வேலை, மணலிலிருந்து கிளம்பும் சிலிக்காத் தூசி, குரோம் தொட்டியிலிருந்து எழும் ஆவித் துளிகள், எல்லாமே அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. வெல்டர் ஒரு கையில் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பற்றவைப்பார். கண் தப்பிக்கும். புகையோ தாடைக்குக் கீழே புகுந்து நேரே மூக்குக்கு ஏறும். கட்டியிருக்கும் கைக்குட்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பற்றவைக்கிற இடத்திலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும். அது முதலாளி செய்து தர வேண்டிய வேலை. தெருவில் வைத்திருக்கும் காற்று அளவைக் கருவிக்கு இந்தப் புகை தெரியவே தெரியாது.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் டாக்டரைப் பாருங்கள். காசநோய் அதிகமுள்ள நாடு நம்முடையது. எக்ஸ்ரேயில் அதுவும் நுரையீரல் புற்றுநோயும் ஒன்றுபோலத் தெரிந்து, காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் போய்விடுவது உண்டு. சிகரெட் உண்டா என்று டாக்டர் கேட்பார். இல்லை என்பதோடு நிறுத்தாமல், எத்தனை வருஷம் எந்தப் பட்டறையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.